கடலுக்கு மேல் நின்ற விமானம்

“…நின்னுடுச்சே சார்! பஸ்ஸுன்னா நிக்கும். எலெக்ட்ரிக் ட்ரெயின் தாம்பரத்துக்கு வெளியில நிக்கும், ஒத்துக்கிறேன். இது எப்படி சார் நிக்கும்? கடலுக்கு மேல அதுக்கு இன்னா ஸ்டாப்பிங்கா கீது?”

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் என் மடிக்கணினியின் முன்னால் குனிந்து நின்று ஹார்டுவேர் கடை பாய் கேட்டார். திரையில் சென்னைக்குக் கிழக்கே, நான் நீலமாக வரைந்து வைத்திருந்த கடலின் மேல், ஒரு சின்ன மஞ்சள் விமானம் அசையாமல் இருந்தது. அந்த விமானத்துக்குள் பாயின் மனைவி இருந்தார்.

இது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். படித்தது பி.காம். கம்ப்யூட்டரை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, பிரவுசிங் சென்டரில் பக்கத்து சீட்டுக்காரர்களை எட்டிப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். இன்று ஏதோ ஒரு நாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, நான் பார்க்கவே போகாத மனிதர்களின் கணக்குகளைச் சரிபார்க்கும் புரோகிராம்களைத் தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாரத்தில் சில நாட்கள் ஆபீஸ், மற்ற நாட்கள் சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். நான் எழுதும் வரிகள் எத்தனையோ கைகள் மாறி, எங்கோ போய், யாருக்கோ ஏதோ செய்கின்றன என்று சொல்கிறார்கள். நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வேலையில் இப்படிக் கண்ணால் பார்க்கமுடியாதவை நிறைய சேர்ந்துவிடுவதாலோ என்னவோ, கையில் பிடிக்கிற மாதிரி எதையாவது வாங்கிக்கொண்டே இருப்பேன். சின்னச் சின்ன மோட்டார், விளக்கு, ஈரப்பதம் அளக்கும் பொத்தான் அளவு சில்லு. பார்சல் பையன்களுக்கு எங்கள் காலிங்பெல் அத்துப்படி. என் மனைவி ஒவ்வொரு பெட்டியையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. அப்போ உங்களுதுதான்” என்று கொடுப்பாள்.

அப்படி வந்ததுதான் அந்த ரேடியோ ரிசீவர். கட்டைவிரல் அளவு இருக்கும். கம்ப்யூட்டரில் பென் டிரைவ் மாதிரி செருகவேண்டும். ஆகாயத்தில் போகும் ஒவ்வொரு விமானமும் சும்மா போவதில்லை. ‘நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இந்த உயரம், இந்த வேகம்’ என்று நொடிக்கு நொடி ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகிறது. ரகசியம் இல்லை, பூட்டு இல்லை, கேட்கக் காது இருந்தால் போதும். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷமாக நம் தலைக்கு மேல் இவ்வளவு பேச்சு நடந்திருக்கிறதே!

ரிசீவர் வந்துவிட்டது, ஆனால் அதற்கு ஆன்டெனா வேண்டும். ஒரு விரல் நீளத்துக்குச் செம்புக் கம்பி, அதற்கு அடியில் தட்டையாக ஒரு தகரம். அவ்வளவுதான். கம்பிக்காகத் தெரு முனையில் இருக்கும் பாய் கடைக்குப் போனேன்.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். என்ன கேட்டாலும் பாய், “எதுக்கு?” என்பார். ஆணி வேண்டும் என்றால் எதுக்கு, வாஷர் வேண்டும் என்றால் எதுக்கு. காரணம் சொல்லாமல் அந்தக் கடையில் ஒரு திருகாணி கூட வாங்கமுடியாது. அவசரமாகக் கம்பி வாங்க வந்த ஒருவர், “உங்களுக்கு எதுக்கு பாய் அதெல்லாம், குடுங்க” என்று கத்தியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பாய் கோபப்படவே இல்லை. “துணிக் கொடி கட்டினீங்கன்னு வைங்க, நாளைக்கு அறுந்து விழும். துவைச்ச துணியெல்லாம் மண்ணாவும். உங்க வூட்டம்மா உங்கள திட்டமாட்டாங்க, எந்தக் கடையில வாங்கினன்னு கேட்டு என்னத்தான் திட்டுவாங்க. இப்போ சொல்லுங்க, எதுக்கு?” என்றார். வந்தவர் காரணத்தைச் சொன்னார். வாங்க வந்ததை விடக் கொஞ்சம் தடிமனான கம்பியோடு திரும்பிப் போனார்.

என் முறை வந்தது.

“இன்னா சார் வோணும்?”

“செம்புக் கம்பி பாய். இவ்ளோ போதும்” என்று ஆள்காட்டி விரலைக் காட்டினேன்.

“எதுக்கு?”

“ஏரோப்ளேன் பேசறதக் கேக்கறதுக்கு.”

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சார், தப்பா நினைக்காதீங்க. கம்ப்யூட்டர் வேலை செய்றவங்க டெய்லி கொஞ்ச நேரம் வெயில்ல நிக்கணும் சார்.”

ஆனாலும் கம்பியை வெட்டினார். நான் காட்டிய விரலைப் போல இரண்டு மடங்கு வெட்டினார். “ஒண்ணு ஒடிஞ்சா? அப்பால அது பேச வந்து, நீங்க கேக்கலன்னு போயிட்டா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அடித் தகரத்துக்கு வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா மூடி கிடைத்தது. அது என் மனைவியின் ஊசி நூல் டப்பா. மூடியில் ஓட்டை போட்ட பிறகுதான் சொன்னேன். “பக்கத்துலயே ஏர் ஃபோர்ஸ் இருக்கு. யாராவது வந்து இது என்னன்னு கேட்டா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேன்னு சொல்லிடுங்க” என்றாள். ஆனால் குழாய் நட்டு அதன் உச்சியில் மூடியைக் கட்டும்போது கீழே பிடித்துக்கொண்டது அவள்தான்.

முதலில் திரையில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு வரி. எழுத்தும் எண்ணுமாக ஒரே ஒரு வரி. அது என்ன என்று நான் புரிந்துகொள்வதற்குள் கீழே இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று, பிறகு மளமளவென்று திரை நிரம்பி ஓட ஆரம்பித்தது. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மேலே ஒருவர் போய்க்கொண்டிருந்தார். இன்னொருவர் நம் ஊரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிக உயரத்தில் இலங்கைப் பக்கமிருந்து வடக்கே போனார். கடலுக்கு மேலே மூன்று நான்கு பேர் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் கம்பெனி இல்லை, டவர் இல்லை, ஒரு மனிதர் இல்லை. அங்கே அது சொல்கிறது, இங்கே பிஸ்கட் டப்பா மூடி கேட்கிறது.

மனைவி பூண்டு உரிக்கும் தட்டோடு மாடிக்கு வந்து கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “இவ்ளோ பேர் நம்ம தலைக்கு மேல போயிட்டே இருந்திருக்காங்க. நாம குனிஞ்சு பூண்டு உரிச்சிட்டே இருந்திருக்கோம்.”

அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நான் இத்தனை வருஷம் எழுதிய எதைப் பற்றியும் யாரும் இவ்வளவு அழகாக ஒன்று சொன்னதில்லை.

அந்த வரிகளை எல்லாம் வரைபடமாகக் காட்ட ஒரு புரோகிராம் எழுதினேன். ஏரி, ரயில் பாதை, ஜி.எஸ்.டி. ரோடு, கடல், அவற்றின் மேல் நகரும் மஞ்சள் விமானங்கள். அதில் ஒரு சிக்கல். பேச்சு கொஞ்சம் விட்டுப்போனால் போதும், விமானம் திரையிலிருந்து பொசுக்கென்று மறைந்துவிடும், மறுபடி வரும், மறுபடி மறையும். கண்ணுக்கு எரிச்சலாக இருந்தது. அதனால் ஒரு வரி சேர்த்தேன்: புதிதாக எதுவும் கேட்கவில்லை என்றால், கடைசியாகக் கேட்ட இடத்திலேயே விமானத்தை நிறுத்தி வை. திரை அழகாகிவிட்டது. எங்கள் தொழிலில் இப்படித்தான், அழகுக்காகச் சேர்க்கும் வரிதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஆன்டெனாவை இன்னும் கொஞ்சம் உயர்த்த ஒரு குழாய் வாங்கக் கடைக்குப் போனபோது பாயே ஆரம்பித்தார். “இன்னா சார், பேசுச்சா?”

போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “அந்தமான் ப்ளேன் பேசுமா சார்?” என்றார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பாயின் மகளை போர்ட் பிளேரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குப் பிரசவம் என்று பாயின் மனைவி கிளம்பிப் போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன. பாய்க்கும் சேர்த்துத்தான் டிக்கெட் போடுவதாக இருந்தது. பாய் மாட்டேன் என்றுவிட்டார்.

“எனக்கு உயரம் ஆவாது சார். பொருட்காட்சியில ஒரு தபா ராட்டினம் ஏறி, நான் போட்ட சத்தத்துல ராட்டினத்தையே நிறுத்திட்டாங்க. நான் கட்டில்ல கூட படுக்கறதில்ல சார். பாய்தான். கீழ உருண்டா தரைதான்னு ஒரு தைரியம்.”

“அக்கா என்ன சொன்னாங்க?”

“இன்னா சொல்லுவா? ‘ஆணி வித்து ஆணி வித்து நீங்களே தரையில அடிச்ச ஆணியா ஆயிட்டீங்க, யாராலயும் பிடுங்க முடியாது’ன்னா.” இதைச் சொல்லும்போது பாயின் முகத்தில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. பிறகு அது போய்விட்டது. “சரி, ப்ளேன்ல வர வேணாம், ஏர்போர்ட் வாசல் வரைக்குமாவது வந்து அனுப்பி வைங்கன்னா. நான் ஸ்டாக் வருதுன்னு சொல்லிட்டேன். ஸ்டாக்லாம் ஒண்ணும் வரல சார். அது மேல ஏறுறத நான் பார்க்கமாட்டேன், அவ்ளோதான். கார்ல ஏறும்போது கேட்டா, ‘நான் திரும்பி வரும்போதும் ஸ்டாக் வருமா?’”

எனக்கு வெட்டிய குழாயின் முனையை அரத்தால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே வழவழப்பாகத்தான் இருந்தது.

அவர் மனைவி திரும்பி வரும் நாள் வந்தது. காரை எடுத்துக்கொண்டு பாயின் மகன் விமான நிலையத்துக்குப் போய்விட்டார். பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் பாய் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நான் கூப்பிட்டிருந்தபடி ஸ்கூட்டரில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். மாடிப்படியில் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடியே ஏறினார். மொட்டை மாடிக்கு வந்ததும் கைப்பிடிச் சுவர் பக்கமே போகாமல், நட்ட நடுவில் நின்றுகொண்டார்.

“இது ஓகே சார். இது உங்க வூடு. உயரத்துல சேராது.”

மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். பாய் அதைத் தொடவில்லை. டிக்கெட்டின் படத்தைப் போனில் காட்டினார். அதிலிருந்த விமான எண்ணைத் தேடினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெகு தொலைவில், கடலின் விளிம்பில், அதே எண்ணோடு ஒரு மஞ்சள் விமானம் முளைத்தது.

“வந்துட்டாங்க பாய்.”

அவர் திரையில் விரல் படாமல், விரலை அதன் அருகில் கொண்டுபோய் நிறுத்தினார். “இது இப்போ பேசறதா சார்? ரெக்கார்டு பண்ணது இல்லியே?”

“இப்போ. இந்த நிமிஷம்.”

“நடுவுல யாரு கீறா?”

“யாரும் இல்ல. அக்கா வர்ற விமானம், இந்தப் பக்கம் உங்க கம்பி. அவ்ளோதான்.”

“என் கம்பியா!”

அண்ணாந்து குழாயின் உச்சியைப் பார்த்தார். மூடியின் மேல் அந்த விரல் நீளக் கம்பி வெயிலில் மின்னியது. ஒரு கடை முழுக்க எத்தனையோ ஆயிரம் சாமான் விற்றிருப்பார். தான் விற்ற ஒரு பொருளை யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. “யா அல்லா” என்றார், மெதுவாக.

விமானம் வந்துகொண்டே இருந்தது. பாய் அதோடு கூடவே மூச்சுவிட்டார். கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது அது நின்றுவிட்டது.

அப்போது கேட்டதுதான் அந்த ஸ்டாப்பிங் கேள்வி.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கேபிளை அசைத்தேன். மற்ற விமானங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. இது மட்டும் நின்றது. பிறகுதான் கிழக்கே திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாடியில் புதிதாக ஏற்றியிருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, எங்கள் ஆன்டெனாவுக்கும் கடலுக்கும் குறுக்கே யானை மாதிரி நின்றது. விமானம் தொட்டிக்குப் பின்னால் போயிருந்தது. பேச்சு நமக்குக் கேட்கவில்லை. என் அழகான வரி, கடைசியாகக் கேட்ட இடத்தில் அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது.

“பாய், விமானம் நிக்கல. என் புரோகிராம்தான் நிக்குது. அந்தத் தொட்டி மறைக்குது. அதனால பழைய இடத்தையே காட்டுது.”

“அப்போ இது பொய்யா?”

“பொய் இல்ல பாய். பழசு.”

“பழசக் காட்டி இன்னா சார் பேஜார் பண்றீங்க! தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். கடையில இல்லாத சாமான இருக்குன்னு நான் சொல்றேனா?” என்றவர், தொட்டியைப் பார்த்தார். “அதுக்குப் பைப்பு ஃபிட்டிங்கு எல்லாம் நான்தான் சார் குடுத்தேன். எதுக்குன்னு கேட்டுத்தான் குடுத்தேன்.”

மனைவி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஏனென்றால் பாயின் முகம் சிரிக்கும் நிலையில் இல்லை. அவர் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன. கண் அந்த அசையாத மஞ்சள் விமானத்தை விட்டு நகரவில்லை. நான் சொன்னது அவருக்குப் புரிந்திருந்தது. ஆனால் கண்ணால் பார்ப்பது வேறு. அதை எழுதிய நானே கேபிளை இன்னொரு முறை அசைத்துப் பார்த்தேன்.

“வாசல் வரைக்கும் வாங்கன்னா சார்” என்றார் திடீரென்று. “வாசல் வரைக்கும். அதுல எங்க சார் உயரம் கீது?”

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள். டீயின் மேல் ஆடை கட்டியிருந்தது.

முதலில் சத்தம் வந்தது. தினமும் கேட்டுக் கேட்டு நாங்கள் கேட்பதையே விட்டுவிட்ட சத்தம். அன்று மூவரும் சொல்லிவைத்தாற்போல் அண்ணாந்தோம். அதே நேரம் திரையில் அந்த மஞ்சள் விமானம் கடலை விட்டு, ஒரே தாவலில், கரையைத் தாண்டி, வேளச்சேரியைத் தாண்டி, எங்கள் ஏரியின் மேல் வந்து உட்கார்ந்தது. தொட்டிக்கு மேலே ஏறிவிட்டது அது. மறுபடி பேச ஆரம்பித்துவிட்டது.

கறுப்புத் தொட்டியின் தலைக்கு மேல் வெள்ளையாக மூக்கு தெரிந்தது. பிறகு இறக்கை. பிறகு முழு வயிறு. என் கணினித் திரையில் எண்ணாக இருந்தது, இரும்பாகவும் இரைச்சலாகவும் எங்கள் தலைக்கு மேலே போனது. நான் விமானமே பார்க்காதவன் இல்லை. தாம்பரத்தில் வளர்ந்தவனுக்கு விமானமும் காக்கையும் ஒன்று. ஆனாலும் அன்று, அந்தச் சின்னச் சின்ன ஜன்னல்களில் ஏதோ ஒன்றுக்குப் பின்னால் ஒரு பெண்மணி, மடியில் பையோடு, இந்த மனிதரைப் பற்றி எரிச்சலோடோ ஆசையோடோ நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தே பார்த்தேன். அப்படித் தெரிந்து பார்த்தால் அது வேறு பொருள். இவ்வளவு கனம், இவ்வளவு பேர், காற்றைத் தவிரத் தாங்க ஒன்றுமில்லை.

பாய் அதைப் பார்த்துக்கொண்டே அடியடியாக நகர்ந்து கைப்பிடிச் சுவருக்கே போய்விட்டார். அவருக்கே தெரியவில்லை.

“சார்! எங்க போகுது? மீனம்பாக்கம் அந்தாண்ட கீது, இது நேரா மேற்கால போகுதே! பெங்களூருக்கே போயிடும் போல கீதே!”

“வளையும் பாய். அந்தப் பக்கமா போய் வளைஞ்சு வந்துதான் இறங்கும்.”

“வளையுமா? அவ்ளோ பெருசு வளையுமா?”

வளைந்தது. வண்டலூர்ப் பக்கத்து வானத்தில் அது மெதுவாக ஒரு தோளைத் தாழ்த்தியது. சாய்ந்த வெயில் இறக்கை முழுவதும் ஒருமுறை பட்டு, வெள்ளி மாதிரி பளீரென்று தெறித்து அணைந்தது. பிறகு வடக்கே திரும்பி, சிறிதாகி, கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிப் போனது. மனைவி திரையில் உயரம் குறைவதைப் பார்த்து, “இறங்குது பாய், இறங்குது… தரைக்கு வந்துட்டாங்க” என்றாள்.

“அல்ஹம்துலில்லா.” இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் தான் நிற்கும் இடத்தைப் பார்த்து, சுவரிலிருந்து கையை எடுத்தார். ஆனால் பின்வாங்கவில்லை. “சார், எறங்கினவங்க பெட்டியெல்லாம் எடுத்துக்கினு வெளியில வர எவ்ளோ நேரம் ஆவும்?”

“அரை மணி ஆகும். கூட்டமா இருந்தா இன்னும் கொஞ்சம் ஆகலாம்.”

“இங்கேந்து வாசலுக்கு?”

“இந்நேரத்துக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுல… சொல்லமுடியாது பாய். ஆனா போயிடலாம்.”

பாய் டீயை எடுத்தார், ஆடையோடு ஒரே மடக்கில் குடித்தார், படியில் சுவரைப் பிடிக்காமல் இறங்கினார். நாங்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தோம். ஸ்கூட்டர் தெரு முனைக்குப் போனது. பாதி இறங்கிய ஷட்டரின் முன்னால் நின்றிருந்த ஒருவர் கையை நீட்டி வழிமறித்து, “பாய், ஒரு முழம் சங்கிலி வேணும்!” என்று கத்தினார். பாய் வேகத்தைக் குறைக்கவில்லை. “உள்ள கீது, எடுத்துக்கோ!” என்று கத்திவிட்டு, எதுக்கு என்று கேட்காமலே, வண்டியை விமான நிலையத்தின் பக்கம் திருப்பினார்.